மெசின் சொன்னதுக்கு ஆர் பொறுப்பு?

கனடா வந்த புதிதில் ஸ்காபரோவில் ஒரு கோல்சென்ரரில் இரவுவேலை செய்தனான். ஒருநாள் ஒரு வயதான அம்மாவுக்கு மாதக் கட்டணத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டேன். சுப்பவைசரிடம் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் நிற்கிறது. ஆனால் அந்த அம்மாவுக்கு நான் சொன்ன விலைதான் போட்டார்கள். "எங்கட ஆள்தானே சொன்னது" என்றார் மனுசன்.

இப்ப வங்கி, தொலைபேசி, காப்புறுதி, எங்கே எடுத்தாலும் முதலில் கதைக்கிறது மெசின்தான். 700 பேரின் வேலையைத் தன்னுடைய செயற்கை நுண்ணறிவு செய்கிறது என்று சுவீடனின் கிளார்னா நிறுவனம் 2024 இல் பெருமை பேசியது. 2025 இல், தரம் குறைந்துவிட்டது என்று திரும்பவும் ஆட்களைத் தேடியது. அது அவர்கள்பாடு. எனக்கு உறுத்துவது வேறை.

2022 இல் பாட்டி இறந்து, வன்கூவரில் இருந்து ரொறன்ரோ போகவேண்டிய ஒருவர் எயார் கனடாவின் சாட்பொட்டிடம் விசாரித்தார். ரிக்கற் எடுத்தபிறகும் 90 நாளுக்குள் துக்கச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது அது. பிறகு கேட்டால், தரமாட்டோம் என்றார்கள். வழக்கில் அவர்களின்ர வாதத்தின் சாரத்தைக் கேளுங்கோ: சாட்பொட் தனி ஆளாம், தான் சொன்னதுக்குத் தானே பொறுப்பாம்! செத்தவீட்டுக்கு ஓடுகிறவனிடம் இப்படிக் கதைக்க எப்படி மனம் வருது? (அம்மா செத்தபோது அகதி வழக்கு முடியாமல் இங்கேயே இருந்து அழுதவன் நான்.) பிரிட்டிஷ் கொலம்பியாத் தீர்ப்பாயம் 2024 பெப்ரவரியில் அந்த வாதத்தைத் தள்ளி, 812 டொலர் கட்டச் சொன்னது.

போன கிழமை மகளின் கந்தோரிலும் இந்த மெசின் வருகுது என்று கூட்டமாம். "பிழையாச் சொன்னால் ஆர் பொறுப்பு?" என்று கேட்டாளாம். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்களாம்.