டயாலிசிஸ் சவ்வும் அதன் நுண்துளைகளும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வுக்கு அடித்தாங்கலாக நிற்பதும், சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இழைகளில் பெரும்பாலானவற்றுக்கு உடலாக அமைவதும் பாலிசல்போன் குடும்பத்தைச் சேர்ந்த பாலிமர்களே என்பதால், ஒன்றைச் செய்யக் கற்ற ஆலை மற்றொன்றையும் செய்யலாம் என்றும், தொழில்துறையில் பக்குவப்பட்ட நுண்துளைப் பொருள்களைத் தாமதமின்றி மருத்துவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் எழும் கோரிக்கையை, மருத்துவர்களும் ரசாயனிகளும் டயாலிசிஸ் டெக்னீஷியன்களும் அங்கம் வகிக்கும் எங்கள் சங்கம் மனப்பூர்வமாக ஆதரிக்கிறது. ஆனால், தொழிற்சாலையில் பல்லாண்டு பழுதின்றி உழைத்தது என்ற நற்பெயர் ஒன்றையே ஒரு பொருளின் மருத்துவ யோக்கியதையாகக் கொள்வதற்கு நாங்கள் உடன்படவில்லை. துளைகளின் சராசரி அளவைச் சொல்வது போதாது. அவற்றுள் மிகப் பெரியது எவ்வளவு, அவற்றை உண்டாக்கவும் சோதிக்கவும் பயன்பட்ட திரவங்களில் இழைக்குள் எஞ்சியிருப்பது எவ்வளவு என்ற இரண்டையும் உற்பத்தியாளர் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பதும், வாங்குவோர் அதைக் கேட்டே வாங்க வேண்டும் என்பதும் எங்கள் தீர்மானமான அபிப்பிராயம்.

டயலைசர் என்று ஆஸ்பத்திரிகளில் வழங்கும் அந்தப் பிளாஸ்டிக் உருளை ஓர் அடி நீளத்துக்கு மேற்படாதது. அதற்குள் ஏறத்தாழ பத்தாயிரம் இழைகள் கற்றையாக அடைபட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் உட்புழையும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு, சுவரின் கனமோ அதிலும் ஐந்தில் ஒரு பங்கு. புழை வழியே ரத்தமும் வெளிப்புறத்தில் டயாலிசிஸ் திரவமும் எதிரெதிர்த் திசைகளில் ஓட, 60 என்ற சிறிய மூலக்கூறு எடை கொண்ட யூரியா சுவரை எளிதில் கடந்துவிடுகிறது. நீண்ட காலம் உடலில் தேங்கினால் மூட்டுகளைக் கெடுக்கும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் 11,800 எடையுள்ளது. அதுவும் வெளியேற வேண்டும். ஆனால் 66,000 எடையுள்ள ஆல்புமின் என்னும் ஜீவாதாரமான புரதம் உள்ளேயே தங்க வேண்டும். போக வேண்டியதற்கும் தங்க வேண்டியதற்கும் இடையே உள்ள இந்தக் குறுகிய எல்லையைக் காப்பது பெரும்பாலும் துளையின் அளவே. சராசரி சரியாக இருந்தும் ஒரு சில துளைகள் அகன்றுவிட்டால், வாரத்துக்கு மூன்று முறை இயந்திரத்தின் முன் படுக்கும் நோயாளியிடமிருந்து ஆல்புமின் சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டே இருக்கும்.

அத்துளைகள் ஊசியால் குத்தி உண்டாக்கப்படுபவை அல்ல. பாலிசல்போனையும், நீரை விரும்பும் குணமுள்ள பாலிவினைல் பைரோலிடோனையும் ஒரு கரைப்பானில் கரைத்து, அந்தப் பாகை வளைய வடிவான சிறு வாயின் வழியே இழையாக இழுத்து, நீர்த்தொட்டியில் இறக்குகிறார்கள். எலுமிச்சைச் சாறு பட்ட பால் திரிவதுபோல, நீர் பட்ட கணத்தில் பாலிமர் திரிந்து திடமாகிறது. கரைப்பான் விட்டுச்சென்ற இடங்களே துளைகளாக நிற்கின்றன. நீரின் வெப்பம், பாகின் அடர்த்தி, வாய்க்கும் தொட்டிக்கும் இடையே இழை காற்றில் விழும் தூரம் ஆகியவற்றில் ஒன்று மாறினாலும் துளைகளின் ஸ்வரூபம் மாறும். ஆகவேதான், சென்ற வருஷம் பரிசோதித்துச் சான்று பெற்ற சவ்வும் இந்த மாதம் ஆலையிலிருந்து வெளிவரும் சவ்வும் ஒன்றே என்பதைப் பெயரைக் கொண்டு நம்பாமல், தொகுதிக்குத் தொகுதி அளந்து நிரூபிக்க வேண்டும் என்கிறோம்.

எஞ்சிய திரவத்தைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், 2001-ஆம் ஆண்டு ஸ்பெயினிலும் குரோஷியாவிலும் நேர்ந்த துயரம். டயாலிசிஸ் முடிந்து சில மணி நேரத்துக்குள் நோயாளிகள் ஒருவர்பின் ஒருவராக மாண்டார்கள். பிற நாடுகளிலும் இத்தகைய மரணங்கள் பதிவாகி, மொத்தம் ஐம்பதைக் கடந்தது. முதலில் நீரைச் சந்தேகித்தார்கள், மருந்தைச் சந்தேகித்தார்கள். உண்மையில், ஆலையில் இழைக்கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் கட்டத்தில் பயன்படுத்திய பெர்புளோரோகார்பன் என்ற திரவம் சில உருளைகளிலிருந்து முற்றிலும் அகற்றப்படாமல் நின்றுவிட்டிருந்தது. ரசாயன ரீதியில் அது மந்தமானது. எதனோடும் எளிதில் வினைபுரியாதது. அதனாலேயே தீங்கற்றது என்று கருதப்பட்டது. ஆனால் ரத்தத்தில் கலந்து உடற்சூட்டில் வாயுவாகி, குமிழ்களாகத் திரண்டு, நுரையீரலின் நுண்குழாய்களை அது அடைத்துவிட்டது. பாலிமரில் குற்றமில்லை, துளையின் அளவிலும் குற்றமில்லை. செய்முறையின் ஒரு கட்டத்தில் நின்றுபோன சில துளி திரவமே அத்தனை உயிர்களைக் கொண்டுபோயிற்று. நீர் வடிகட்டும் ஆலையில் அதே சில துளிகள் தங்கியிருந்தால் முதல் நாள் நீரோடு கழுவுண்டு போயிருக்கும். எவரும் அறிந்திருக்கவும் மாட்டார்கள். தொழில்துறை அனுபவம் எவ்வளவு நீண்டதாயினும் இதைக் கற்பித்திருக்க முடியாது.

ரத்தம் தன்னைத் தொடும் ஒவ்வொரு பரப்பையும் விசாரிக்கிறது. பழைய செல்லுலோஸ் சவ்வுகள் பட்டதும் வெள்ளணுக்கள் சிறிது நேரம் ரத்தத்திலிருந்து மறைவதை 1970-களில் ஆராய்ச்சியாளர்கள் விளக்கினார்கள். எதிர்மின் ஏற்றமுள்ள பாலிஅக்ரிலோநைட்ரைல் சவ்வைப் பயன்படுத்தும்போது, ரத்தக்கொதிப்புக்குத் தரும் ஒருவகை மருந்தை உண்டுவந்தவர்களுக்குத் திடீரென மூச்சுத்திணறலும் மயக்கமும் கண்டது பின்னர் தெரியவந்தது. சவ்வும் மருந்தும் தனித்தனியே நல்லவையே; சேர்ந்தபோதுதான் தீங்கு விளைந்தது.

நம் நாட்டில் ஒரே டயலைசரைக் கழுவி அதே நோயாளிக்குப் பலமுறை பயன்படுத்தும் வழக்கம் பரவலாக இருக்கிறது. செலவை எண்ணினால் அதை ஒரேயடியாகக் கண்டிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. கழுவி முடித்ததும் இழைக்கற்றையில் எவ்வளவு நீர் கொள்கிறது என்று டெக்னீஷியன் அளந்து பார்த்து, ஆரம்பக் கொள்ளளவில் 80 சதவீதத்துக்குக் குறைந்தால் எறிந்துவிடுகிறார். இழைகள் அடைபட்டதை இந்தச் சோதனை காட்டும். துளைகள் அகன்றதைக் காட்டாது. பிளீச் கொண்டு திரும்பத் திரும்பக் கழுவிய பாலிசல்போன் சவ்வில் ஆல்புமின் கசிவு மிகுவது தெரிந்த விஷயம். எனவே இந்தச் சவ்வு எந்தத் திரவத்தால் எத்தனை முறை கழுவத் தகும் என்பதை உற்பத்தியாளர் ஆல்புமின் கசிவை அளந்தே எழுதித் தரட்டும்.

இவற்றையெல்லாம் கேட்டால் விலை ஏறும், சுதேசி உற்பத்தி முளையிலேயே கருகிவிடும் என்று எங்கள் நண்பர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். ஏழை நோயாளிக்கு இலவசமாக டயாலிசிஸ் அளிக்கும் பிரதம மந்திரியின் தேசியத் திட்டம் 2016-இல் தொடங்கியது முதல் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் டயலைசர்களின் தேவை பெருகியிருக்கும் வேளையில் இந்த அச்சத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் துளை அளவையும் எஞ்சிய கரைப்பானையும் அளப்பதற்கான கருவிகள் பெரிய ஆராய்ச்சிக்கூடங்களில் ஏற்கனவே உள்ளவையே. சிறு உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் அவற்றைத் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. உப்புநீக்கும் சவ்வுகளில் பல்லாண்டு அனுபவமுள்ள பாவ்நகரின் மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிலையம், மருத்துவச் சாதனங்களைச் சோதிப்பதில் தேர்ந்த திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் போன்ற ஸ்தாபனங்கள் இந்தப் பரிசோதனையைக் குறைந்த கட்டணத்தில் செய்து தருமாறு அரசாங்கம் மானியம் அளிக்கலாம். உற்பத்திக்கு ஊக்கத்தொகை கொடுக்க முன்வரும் அரசு பரிசோதனைக்கும் கொடுப்பதே நியாயம்.

ஆலையில் நிற்கும் தொழிலாளியையும் மறக்கலாகாது. சவ்வு செய்யப் பெரிதும் பயன்படும் கரைப்பான்களான என்-மெத்தில் பைரோலிடோன், டைமெத்தில் அசிட்டமைடு ஆகிய இரண்டும் கருவுக்குத் தீங்கு செய்யக்கூடியவை. முதலாவதன் பயன்பாட்டை 2020-ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஒன்றியம் கடுமையாகக் கட்டுப்படுத்தியிருக்கிறது. நோயாளியின் ரத்தத்தில் சேரக் கூடாது என்று நாம் அளந்து பார்க்கும் அதே திரவம், தொழிலாளியின் தோலிலும் சுவாசத்திலும் ஊரின் கழிவுநீரிலும் சேரலாம் என்று விட்டுவிடுவது அதர்மம்.

ஆகவே, டயலைசருக்கான டெண்டர்களில் விலையோடு மூன்று எண்களை, அதாவது மிகப் பெரிய துளையின் அளவு, எஞ்சிய திரவத்தின் அளவு, ஒரு முறை டயாலிசிஸில் கசியும் ஆல்புமினின் அளவு ஆகியவற்றைத் தொகுதிவாரியாகக் கேட்கும்படி மாநில மருத்துவக் கொள்முதல் அமைப்புகளை வேண்டுகிறோம். எங்கள் அங்கத்தினர் பணியாற்றும் ஆஸ்பத்திரிகளில், டயாலிசிஸின்போதோ அதை அடுத்தோ காணும் ஒவ்வொரு விபரீதத்தையும் உருளையின் தொகுதி எண்ணோடு குறித்து வைத்து, உருளையையும் கழுவாமல் பாதுகாத்து, அவ்விவரத்தை மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு அனுப்புவது என்று சங்கம் தீர்மானித்துள்ளது.