விருந்துக்கு வேட்டி ஆகாதா?

நமது மன்றத்தின் ஆண்டு விருந்துக்கு மாணவர் அனைவரும் மேனாட்டு மாலையுடையில்தான் வரவேண்டும் என்று நண்பர் சிலர் விரும்புகின்றனர். வேட்டி விருந்துக்கு ஏற்றதன்று என்பது அவர்கள் வாதம். அந்தக் கோட்டை நான் வெறுப்பவன் அல்லேன். ஆனால் அதன் முறையை நன்கறிந்தவர் இவ்வாறு வாதிடமாட்டார் என்பதே என் கருத்து.

முறைதான் என்ன? மாலை ஆறு மணிக்குப் பின் அணிவது இவ்வுடை. இதில் இரண்டு படிகள் உண்டு. மேற்படி, பின்புறம் வாலாக நீண்ட கறுப்புக் கோட்டு, வெள்ளை வெயிஸ்ட்கோட்டு, வெள்ளைப் போ டை. வெயிஸ்ட்கோட்டு, கோட்டின் முன்விளிம்புக்குக் கீழே எட்டிப் பார்க்கலாகாது. கால்சட்டையின் ஓரத்தில் இரண்டு பட்டுக் கரைகள். அடுத்த படி, வாலில்லாத டின்னர் ஜாக்கெட்டு, கறுப்புப் போ டை, கால்சட்டைக்கு ஒரே கரை. போவைக் கையால் முடிவதே மரபு. நீண்ட டையைத் தொங்கவிட்டால் அது மாலையுடையே அன்று!

இம்முறையும் வானத்திலிருந்து குதித்ததன்று. 1865-இல் லண்டன் சாவில் ரோவிலுள்ள ஹென்றி பூல் கடை, பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான இளவரசருக்கு, வீட்டு விருந்தில் எளிதாக அமர ஒரு குட்டைக் கோட்டுத் தைத்தது. டின்னர் ஜாக்கெட்டின் தொடக்கம் அதுவே என்பர். வசதிக்காக வாலை வெட்டியவர்கள் மேனாட்டாரே அன்றோ?

இன்னொன்றையும் நண்பர்கள் மறந்தனர். ஸ்டாக்ஹோமில் நடக்கும் நோபல் பரிசு விழாவின் விதி, வால்கோட்டு அல்லது அவரவர் நாட்டுடை என்பதாகும். 2009-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் வால்கோட்டில் நின்று பரிசு பெற்றார். 2019-இல் அபிஜித் பானர்ஜி வேட்டி உடுத்திப் பெற்றார். இருவரும் முறை தவறவில்லை. இருவருக்கும் அவை கைதட்டியது. உலகின் மிகக் கண்டிப்பான உடைவிதியே வேட்டிக்கு வழிவிடுகிறது!

வழிவிடாதது எது? 2014 சூலையில், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி உடுத்தி வந்தார் என்பதற்காகச் சேப்பாக்கத்துத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கக் கிளப்பில் தடுக்கப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழகச் சட்டமன்றம் இத்தகைய தடையை நீக்கச் சட்டம் இயற்றியது. மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். சொந்த மண்ணில் வேட்டி உடுத்தச் சட்டம் தேவைப்பட்டது! அந்தத் தடையை நாமே இங்கு எழுப்பலாமா?

வேட்டிக்கு முறையில்லை என்பாரைப் பழவங்காடிக்கு அழைக்கிறேன். பிள்ளையார் கோயில் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். வேட்டியை மடித்துக் கட்டி விரைகிறவர், எதிரே பெரியவரைக் கண்டதும் அதைத் தாழ்த்திவிடுகிறார். சிறிது தொலைவிலுள்ள பத்மநாபசாமி கோயிலுக்குச் செல்வோர், சட்டையைக் களைந்து வேட்டியுடன் நுழைகின்றனர். கால்சட்டையைச் சுருட்டிவிட்டு அதன்மேல் வேட்டியைச் சுற்றும் வெளியூரார் மட்டும் வழியெல்லாம் இடுப்பைப் பிடித்தபடி நடக்கின்றனர்! அளவு, கரை, மரியாதை யாவும் வேட்டிக்கும் உண்டு. கோட்டைப் போலவே அதையும் கற்கத்தான் வேண்டும்.

வாடகைக் கோட்டு எடுக்க வழியின்றி, விருந்துக்கே வரப்போவதில்லை என்று இரு நண்பர்கள் என்னிடம் கூறிவிட்டனர். அவர்களும் என்னைப்போல் பிழைப்பையும் படிப்பையும் நாடி இவ்வூருக்கு வந்த தமிழர்கள். தோள் பொருந்தாத இரவல் கோட்டுக்காகத் தோழரை இழப்பதா? விடுதியறையில் அவர்கள் தனியே உண்ணும் இரவில், இங்கே நாம் எதைக் கொண்டாடப் போகிறோம்?

ஆகவே அழைப்பிதழில் இப்படி ஒரு வரி அச்சிடுங்கள்: மாலைக்கோட்டு அல்லது வேட்டி, எதுவாயினும் செம்மையாக. கோட்டு விரும்புவோர் போவை முடியக் கற்றுவரட்டும். நாங்கள் வேட்டியைத் துவைத்து, கஞ்சியிட்டு, கரை நேராக நிற்க உடுத்தி வருகிறோம். ஒரே பந்தியில் அமர்வோம்!