சிவப்புத் தண்ணீர்

சென்ற சித்திரையில் குண்டடத்துக்குப் போயிருந்தேன். பல்லடத்திலிருந்து தாராபுரம் போகிற சாலையில் உள்ள ஊர். அந்த வறண்ட சீமையின் வெயில் எப்படிப்பட்டது என்பது அதில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். நண்பர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்ததும் அவர் மனைவி ஒரு கண்ணாடித் தம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். நல்ல ரத்தச் சிவப்பு. குடித்தேன். தித்திப்பு இருந்தது, மணம் இருந்தது, என்ன பழம் என்பது மட்டும் நாக்குக்குப் புலப்படவில்லை.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோது சமையலறை அலமாரியில் இன்னொரு சீசா கண்ணில் பட்டது. உள்ளே மங்கிய பழுப்பு நிறத்தில் ஏதோ.

"இது என்னங்க?"

"எலுமிச்சம்பழச் சர்பத்துங்க. நன்னாரி வேரு போட்டு நானே காய்ச்சினது. எங்களுக்குன்னு வெச்சிருக்கறதுங்க."

"இதையே கொடுத்திருக்கலாமே!"

"அய்யோ, இதைப் போயி உங்களுக்குக் குடுக்கறதுங்களா? பாக்கறதுக்கே கலங்கலா இருக்குதுங்க."

எனக்குக் கோபம் வந்தது. அந்த அம்மையார் மேல் அல்ல. அவரை அப்படிச் சொல்ல வைத்த நம் எல்லோர் மேலும்தான்.

கூடத்துக்குத் திரும்பியதும் அந்தச் சிவப்புச் சீசாவை வாங்கிப் படித்தேன். பழம் என்ற பேச்சே அதில் இல்லை. சர்க்கரை, தண்ணீர், செயற்கை நிறம், செயற்கை மணம் என்று பொடி எழுத்தில் ஒளிக்காமல் போட்டிருந்தது. சட்டம் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஸ்க்வாஷ் என்றோ கார்டியல் என்றோ பெயர் வைத்தால் நூற்றுக்கு 25 பங்காவது பழச்சாறு வேண்டும் என்று 1955-ஆம் வருஷத்துப் பழப்பொருள் உத்தரவு சொன்னது. 2011-ஆம் வருஷத்து விதிகளும் அதையே சொல்கின்றன. சீசா பொய் சொல்லவில்லை. அதை ஊற்றி வைத்து, "பழரசம் சாப்பிடுங்கள்" என்று பொய் சொல்கிறவர்கள் நாம்தான்.

நிறத்தின் மேல் இவ்வளவு மோகம் ஏன்? அதுவும் இந்தத் திருப்பூர்ச் சீமையில்! சாயம் நொய்யல் ஆற்றை என்ன பாடுபடுத்தியது என்றும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஏன் என்றும் இங்கே குழந்தைக்கும் தெரியும். துணிச் சாயம் வேறு, உணவில் சேர்க்க அனுமதித்த நிறம் வேறு என்பதை நான் அறிவேன். இரண்டையும் ஒன்றென்று சொல்லிப் பயமுறுத்த வரவில்லை. சாயம் என்பது கண்ணுக்காகப் போடுவது என்று தொழில்முறையிலேயே தெரிந்தவர்கள், தம்ளரில் மட்டும் அதைக் கண்டு ஏமாறலாமா என்று கேட்கிறேன்.

"வீட்டில் செய்தால் கெட்டுப் போகுமே" என்பார்கள். பழச்சாற்றைச் சாராயம் சேர்க்காமல் சர்க்கரையிலேயே கெடாமல் வைக்கலாம் என்று லீத் துறைமுகத்து லாக்லன் ரோஸ் 1867-இல் காப்புரிமை வாங்கினார். கப்பல்காரர்கள் மாதக் கணக்கில் கடலில் குடிக்கவே அந்த ஏற்பாடு. நமக்கோ ஒரு கோடையைத் தாண்டினால் போதும். ஒரு லிட்டர் எலுமிச்சைச் சாறு, அதாவது நாற்பது ஐம்பது பழம். இரண்டு கிலோ சர்க்கரை. ஒரு லிட்டர் தண்ணீர். பாகு காய்ச்சி, அழுக்கு நுரையை எடுத்து, நன்றாக ஆறிய பிறகுதான் சாற்றைச் சேர்க்க வேண்டும். சூட்டில் சேர்த்தால் வைட்டமின் சி குறையும். விதை நசுங்கினால் கசக்கும். சீசாவைக் கொதிநீரில் போட்டெடுத்து, ஈரமில்லாமல் உலர்த்தி ஊற்றி, குளிர்ப் பெட்டியில் வைத்தால் வாரக் கணக்கில் இருக்கும். மூன்று லிட்டருக்கு மேல் தேறும். தண்ணீர் கலந்தால் அறுபது தம்ளருக்குக் குறையாது.

அடுத்த ஆட்சேபம் நியாயமானது. "விடியற்காலையில் பனியன் கம்பெனி வண்டி ஏறி, இருட்டிய பின் வீடு திரும்புகிற பெண்ணை எலுமிச்சம்பழமும் பிழியச் சொல்கிறீரா?" சொல்லமாட்டேன். அவள் கணவனைச் சொல்கிறேன். நாள் முழுக்கத் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டரின் கைக்கு நாற்பது பழம் எம்மாத்திரம்? பாட்டியின் கைமணத்தைப் பற்றி மேடையில் உருகுகிற ஆண்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அடுப்படியில் நிற்கட்டும். பிறகு பாரம்பரியம் பேசலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சர்பத்தை அமிர்தம், சர்வரோக நிவாரணி என்று கொண்டாடுகிறவர்கள் கட்சியிலும் நான் இல்லை. அதிலும் சர்க்கரை சர்க்கரைதான்; நீரிழிவுக்காரருக்கு இரண்டு சீசாவும் ஒன்றே. சர்பத் என்ற சொல்லே அரபு நாட்டிலிருந்து வந்தது. தமிழ்ப் பெருமை பேசவும் அதில் இடமில்லை. நான் கேட்பது மரியாதை ஒன்றைத்தான். நாம் நம்பிக் குடிப்பதை வீட்டுக்காரருக்கும், நம்பாததை விருந்தாளிக்கும் கொடுப்பது என்ன உபசாரம்?

அன்று நான் வற்புறுத்தி அந்தப் பழுப்புச் சீசாவிலிருந்து ஒரு தம்ளர் வாங்கிக் குடித்தேன். புளிப்பும் வேர் மணமுமாக வெயில் இறங்கியது. அந்த அம்மையார் முகத்தில் மட்டும் கூச்சம் தீரவில்லை. காசு கொடுத்து வாங்காததை எல்லாம் குறைவென்று அவருக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் நாம். மாற்றிக் கற்றுக் கொடுக்க வேண்டியவர்களும் நாமே. அடுத்த தடவை உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால், சமையலறைச் சீசாவைக் கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். கலங்கலாக இருந்தால் இருக்கட்டும்.