இருநூறு தையலும் ஒரு நேர்த்தையலும்

தையல் என்னும் சொல்லுக்குப் பெண் என்றும் பொருளுண்டு. தையல் இயந்திரம் விற்போர் நிகண்டு கற்றவர்கள் அல்லர். ஆயினும் இவ்விரு பொருளையும் ஒன்றாக்கிக் குழப்புவதில் அவர்களுக்கு நிகரில்லை. பெண் வாங்கும் பொருளெனில் இளநிறத்தில், எடை குறைவாக, பூவேலை செய்வதாக இருந்தால் போதும் என்பது அவர்தம் முடிபு. அறுபது வகைத் தையல், நூறு வகை, இருநூறு வகை என எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. வாங்கச் செல்லும் நாமும் அந்த எண்ணைத் தரமென்று கொள்கிறோம்.

இதனை வன்மையாக மறுக்க வேண்டியுள்ளது. ரவிக்கை, பாவாடை, சுடிதார், சட்டை ஆகிய அனைத்தும் பெரும்பாலும் நேர்த்தையலால் ஆனவை. ஓரம் பிரியாதிருக்கவும் காஜா எடுக்கவும் ஜிக்ஜாக் வேண்டும். மீள்தன்மையுள்ள பின்னல் துணிக்கும் அது வேண்டும். நேர்த்தையல் அதில் இழுத்தவுடன் அறுந்துபோகும். இவை போக எஞ்சிய வாத்தும் இலையும் நட்சத்திரமும் வாங்கிய வாரத்தில் ஒருமுறை தைத்துப் பார்க்கப்படுவன, பிறகு தீண்டப்படாதன.

பஞ்சடைத்த துண்டுத்துணிப் போர்வை, அதாவது குவில்ட், தைப்போரைக் கேட்டால் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். சிங்கர் நிறுவனம் 1933இல் வெளியிட்ட ஃபெதர்வெயிட் 221 என்னும் சிறு கறுப்பு இயந்திரம் நேர்த்தையல் ஒன்றையே அறியும். அமெரிக்கக் குவில்ட் கலைஞர்கள் இன்றும் அதனைத் தேடிப் பிடித்துத் துண்டுகளை இணைக்கப் பயன்படுத்துகின்றனர். இக்காலத்தில் ஜூக்கி நிறுவனம் அவர்களுக்கென்றே விற்கும் டிஎல்-2010க்யூவும் நேர்த்தையல் மட்டுமே போடும். மலிவான பொருளன்று அது. கூடுதல் விலை கொடுத்து ஒரே தையலை வாங்குவோர் அறிவிலிகளா?

அவர்கள் கேட்பது வேறு. மேல்துணி, பஞ்சு, அடித்துணி என மூன்றடுக்கு. மூட்டுகள் சந்திக்கும் இடத்தில் அடுக்குகள் இன்னும் பெருகும். அங்கே ஊசி தயங்காமல் இறங்க வேண்டும். கீழுள்ள பற்கள் அடித்துணியை மட்டும் இழுக்க மேல்துணி பின்தங்கிச் சுருங்கும் என்பதால், மேலிருந்தும் துணியை நகர்த்தும் வாக்கிங் ஃபுட் பொருத்த இடம் வேண்டும். கையால் துணியைத் திருப்பி வளைகோடு தைக்கும்போது பற்கள் கீழே தாழ வேண்டும். சுருட்டிய போர்வை அடங்க ஊசிக்கும் தூணுக்கும் இடையே அகலமும் வேண்டும். விளம்பரத்தில் இவற்றுள் எது பெரிய எழுத்தில் வருகிறது?

அயல்நாட்டார் பொழுதுபோக்கு இது என்று ஒதுக்குவாருக்கு ஒரு சொல். பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் வங்கத்துக் காந்தாவும் நம் கந்தையும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். கந்தல் இல்லாத வீடு ஏது?

நிற்க. இயந்திரங்களைக் கடிந்த காந்தியடிகள் 1924இல் சிங்கரின் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். மனைவி கையால் தைத்து அல்லலுறுவதைப் பொறாமல் சிங்கர் அதனைச் செய்தார் என்றும் சொன்னார். (சிங்கரின் இல்வாழ்க்கை அத்துணைச் சீரியதன்று என்பது வேறு கதை.) அந்நிறுவனமே 1856இல் தவணை முறை விற்பனையையும் தொடங்கியது. இன்று சுயஉதவிக் குழுவில் கடன் பெற்று இயந்திரம் வாங்கும் பெண்ணுக்கு அந்தத் தவணைதான் கழுத்துச் சுருக்கு. பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்து, மின்னணுப் பலகை பழுதாகி, உதிரிபாகம் வரும்வரை வேலை நின்றாலும் தவணை நிற்பதில்லை. தெருமுனை மெக்கானிக் கழற்றி மாட்டக்கூடிய இரும்பு உடல் இயந்திரத்தைப் பழம்பாணி என்று எள்ளுவோர் அவளுடைய கணக்குப் புத்தகத்தை ஒருமுறை பார்க்கட்டும்.

கடையில் செய்து காட்டும் துணியையும் நாம் நம்பலாகாது. கஞ்சியிட்டு விறைப்பாக்கிய பருத்தித் துண்டில் எந்த இயந்திரமும் அழகாகவே தைக்கும். நம் துணியை நாமே கொண்டு செல்வோம்: ஆறாக மடித்த பழஞ்சேலை, ஜீன்ஸ் கால்விளிம்பு, மெல்லிய வாயில் துண்டு. மூன்றிலும் தைக்கச் சொல்வோம். விரைவாக அன்று, ஊசி ஒவ்வொரு முறையும் இறங்குவது கண்ணுக்குத் தெரியுமளவு மெதுவாக. மெதுவாக ஓட்டும்போது தடித்த மடிப்பில் மோட்டார் முனகி நின்றால் விலகிவிடலாம். அடிப்பக்கத்தைத் திருப்பி நூல் சுருண்டிருக்கிறதா என்று காண்போம். பாபினும் ஊசியும் நம் ஊரில் கிடைக்குமா என்று கேட்போம். ஆடையும் போர்வையும் ஒருங்கே தைக்க விரும்புவோர்க்கு நேர்த்தையல், ஜிக்ஜாக், காஜா மூன்றும் செய்யும் திடமான ஒன்று போதும். சேலைக்குப் பீக்கோ அடித்துப் பொருளீட்டுவோர் அதற்கெனத் தனி இயந்திரமே வாங்குதல் நன்று.

வீட்டில் பாட்டியின் மிதி இயந்திரம் இருப்பின், அதை எடைக்குப் போடுமுன் எண்ணெய் விட்டு, பட்டையை மாற்றி, பருத்திக்குப் பதினான்காம் எண் ஊசி புதிதாக ஒன்று மாட்டி, அதே ஆறு மடிப்புச் சேலையை அதிலும் வைத்துப் பார்க்க வேண்டும்.