அந்தச் சின்ன அட்டை எங்கே?

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அட்டை அது. அதில் ஒரு ஸ்டிக்கர். தயாரித்த நிறுவனம், மாடல், லாட் எண், வரிசை எண், எத்தனை சி.சி., இடப்பக்கமா வலப்பக்கமா... எல்லாம் பொடி எழுத்தில். புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றி, சிலிகான் இம்பிளான்ட் வைத்துக்கொண்ட பெண்ணின் கையில் கட்டாயம் இருக்க வேண்டிய அட்டை.

சிலிகான் பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு அறுபது வயதாகிறது. 1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில்தான் முதல் இம்பிளான்ட் பொருத்தப்பட்டது. சந்தேகங்கள் வலுத்ததால் 1992-ல் அமெரிக்காவின் உணவு, மருந்து கண்காணிப்பு அமைப்பான எஃப்.டி.ஏ. கடிவாளம் போட்டது. அப்போதும் புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கு மட்டும் கண்காணிப்போடு வழிவிட்டது. மூட்டுவாதம், லூபஸ் போன்ற நோய்களுக்கு இவை காரணம் என்பதற்கு ஆதாரமில்லை என்று 1999-ல் நிபுணர் குழு சொன்னது. 2006-ல் அனுமதி திரும்பியது.

ஆனால், பொருள் நல்லதாக இருந்தால் போதுமா? பிரான்ஸின் பி.ஐ.பி. நிறுவனம், மருத்துவத் தரமில்லாத தொழிற்சாலை சிலிகானை அடைத்து விற்றது 2010-ல் அம்பலமானது. உலகெங்கும் லட்சக்கணக்கான பெண்களின் உடலுக்குள் அது போயிருந்தது. நிறுவனர் 2013-ல் சிறைத்தண்டனை பெற்றார். பிரிட்டனில் இம்பிளான்ட் பதிவேட்டையே 2006-ல் மூடிவிட்டிருந்தார்கள். 'என் உடம்புக்குள் இருப்பது எந்தக் கம்பெனியுடையது?' என்று தவித்த பெண்களுக்குப் பதில் சொல்ல முழுமையான பதிவு இல்லை. புதிய பதிவேடு வந்தது 2016-ல். எவ்வளவு தாமதம்!

2019 ஜூலையில் அடுத்த அதிர்ச்சி. சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட அலெர்கன் நிறுவனத்தின் 'பயோசெல்' வகை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இம்பிளான்ட்டைச் சுற்றி உருவாகும் அரிய லிம்போமா புற்றுநோய் 573 பேருக்கு வந்திருந்தது. 33 பேர் இறந்திருந்தார்கள். அந்த 573-ல் 481 பேருக்கு இருந்தவை அந்த நிறுவனத்தின் தயாரிப்புகள். பெரும்பாலும் பல வருடங்கள் கழித்துத் திடீரென நீர்கோத்து வீங்குவதுதான் அறிகுறி. சீக்கிரம் கண்டுபிடித்து, இம்பிளான்ட்டையும் சுற்றியுள்ள உறையையும் அகற்றினால் பெரும்பாலானோர் குணமாகிறார்கள். அறிகுறியே இல்லாதவர்கள் பயந்துபோய் எடுத்துவிட வேண்டியதில்லை என்றே எஃப்.டி.ஏ. சொன்னது. ஆனால், தன்னிடம் இருப்பது எந்த வகை என்று தெரிந்தால்தானே ஒரு பெண் விழிப்பாக இருக்க முடியும்?

'உயிர் பிழைச்சதே பெருசு, இந்த வயசுல இது எதுக்கு?' என்று கேட்கும் சொந்தங்களை நாம் அறிவோம். அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. முடிவு அவளுடையது. அவளுக்குத் தேவை முழு உண்மை. இம்பிளான்ட் ஆயுள் முழுக்க வருவதல்ல. மாற்றவோ எடுக்கவோ நேரலாம். கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களுக்கு அதைச் சுற்றிய திசு இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம். வயிற்றுச் சதையையோ முதுகுத் தசையையோ கொண்டும் மறுசீரமைக்கலாம். எதுவுமே வேண்டாம் என்பதும் நல்ல முடிவுதான். வெளியே தெரியாமல் ஜெல் கசிகிறதா என்று பார்க்க 5-6 ஆண்டுகளில் ஸ்கேன், பிறகு 2-3 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பது எஃப்.டி.ஏ.வின் பரிந்துரை. இத்தனையும் அறுவை அரங்குக்குப் போகும் முன்பே, புரிகிற தமிழில், நிதானமாகச் சொல்லப்பட வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த சிகிச்சை நடந்திருந்தால், ஃபைலை எடுத்துப் பாருங்கள். அட்டை இல்லையென்றால், மருத்துவமனைக்குப் போய் அந்த விவரங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.