மறதிக்குப் பின்னும் மிஞ்சும் நட்பு

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய், முதுமையில் எல்லோருக்கும் நேரும் சாதாரண மறதி அன்று; மூளையின் நரம்பணுக்கள் சேதமடைவதால் நினைவாற்றல், பேச்சு, காலமும் இடமும் பற்றிய உணர்வு, அன்றாட வேலைகளைச் செய்துகொள்ளும் திறன் ஆகியவை சிறிது சிறிதாகக் குன்றிப்போகும் நோய்த்தொகுதி அது. அதன் மிகப் பரவலான வகைக்கு, 1906இல் அதை மருத்துவ உலகுக்கு விவரித்த ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமரின் பெயரே வழங்குகிறது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களுள் 7.4 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்கின்றனர் என்று 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமே இதன் விகிதம் கூடுதல். இவர்களுள் பெரும்பாலோர் காப்பகங்களில் அல்லாமல் வீடுகளிலேயே இருப்பதால், அடுத்த வீட்டில் குடியிருக்கும் ஓர் இளம்பெண் அப்படிப்பட்ட மூதாட்டி ஒருவரின் தோழியாக அமைவது இக்காலத்தில் எங்கும் நிகழக்கூடியது. அது பெரிதும் போற்றத்தக்கதும்கூட.

இந்த நட்புக்குக் குடும்ப உறவுக்கு வாய்க்காத ஓர் எளிமை உண்டு. பெற்ற மகளைத் தாய் அடையாளம் காணாதபோது, மகள் ஒரே நேரத்தில் நோயாளியைப் பராமரிக்கவும் தான் அறிந்திருந்த தாயை இழந்த துயரைச் சுமக்கவும் வேண்டியிருக்கிறது. ஆகவே அவர் தம்மையும் அறியாமல் ‘நான் யார் சொல்லு பார்ப்போம்’ என்று தாயைச் சோதித்துக்கொண்டே இருக்கிறார். அண்டை வீட்டுப் பெண்ணுக்கோ மீட்டெடுக்க வேண்டிய பழைய கணக்கு எதுவும் இல்லை. இன்று எதிரில் இருக்கும் மனுஷியை இன்றைய நிலையிலேயே ஏற்றுக்கொள்ள அவரால் முடிகிறது. ஒருவரின் மனிதத் தகுதி அவருடைய நினைவாற்றலில் மட்டும் இல்லை, பிறர் அவரோடு கொள்ளும் உறவிலும் அளிக்கும் மதிப்பிலும் அது நிலைபெறுகிறது என்று பிரிட்டிஷ் அறிஞர் டாம் கிட்வுட் 1997இல் எழுதிய நூலில் வாதிட்டது இத்தகைய உறவுகளுக்கு முழுமையாகப் பொருந்தும்.

‘நாளைக்கே மறந்துவிடப் போகிறவரிடம் பேசி என்ன பயன்’ என்ற கேள்விக்கு அறிவியலில் விடை இருக்கிறது. புதிய நிகழ்வுகளை நினைவில் பதியச் செய்யும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி அல்சைமர் நோயில் தொடக்கத்திலேயே பாதிக்கப்படுகிறது. ஆனால் ஒரு நிகழ்வு எழுப்பிய உணர்ச்சி, அந்நிகழ்வின் நினைவு அழிந்த பின்னும் நீடிக்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்குச் சோகமான, மகிழ்ச்சியான திரைக்காட்சிகள் காட்டப்பட்டன. கண்டவற்றைச் சிறிது நேரத்திலேயே அவர்கள் பெரும்பாலும் மறந்துவிட்டபோதிலும், அவை எழுப்பிய சோகமும் மகிழ்ச்சியும் அவர்களிடம் தங்கியிருந்தன. ஆகவே, வந்து போனவள் யார் என்பது பாட்டிக்கு நினைவில்லாமல் போனாலும், அவள் தந்த ஆறுதல் அவரிடம் எஞ்சுகிறது. கடிந்து பேசியவரின் சொல் மறந்தாலும் அதன் வலியும் அவ்வாறே எஞ்சுகிறது.

பொழுது சாயும் வேளையில் இந்நோயாளிகள் பலருக்குக் கலக்கமும் பரபரப்பும் மிகும். பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, ‘விளக்கு வைக்கிற நேரமாச்சு, அம்மா தேடுவா, வீட்டுக்குப் போகணும்டி’ என்று கேட்கும் எண்பது வயதுப் பாட்டியிடம், ‘இதுதான் உங்க வீடு, அம்மா செத்து நாற்பது வருஷமாச்சு’ என்று திருத்துவது, ஒவ்வொரு மாலையும் அவருக்குப் புதிதாக ஒரு சாவுச்செய்தி சொல்வதாகும். ‘உங்க வீட்டுத் திண்ணை ரொம்பப் பெரிசா பாட்டி?’ என்று அருகில் அமர்ந்து கேட்கும் பெண், பொய் சொல்லாமலும் புண்படுத்தாமலும் அவருடைய ஏக்கத்துக்குச் செவிகொடுக்கிறார். பேச்சு தடைப்படும் நாள்களில் ஒரு கட்டு முருங்கைக்கீரை உதவும். பழகிய வேலைகளைக் கைகள் நினைவில் வைத்திருக்கும் திறன், அதாவது செயல்முறை நினைவு, பெரும்பாலும் பிந்தியே குன்றுவதால், கிழமை தெரியாதவரின் விரல்களும் காம்பிலிருந்து இலையைப் பிசகாமல் உருவும்.

இந்த நட்புக்கு இடர்களும் உண்டு. பத்திரமாக இருக்கட்டும் என்று வளையலைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, வைத்த இடம் மறந்து, வந்து போகிறவள் எடுத்துவிட்டாள் என்று பழிசொல்வது இந்நோயின் அறியப்பட்ட அறிகுறிகளுள் ஒன்று. இதை இளம்பெண்ணும் மூதாட்டியின் பிள்ளைகளும் முன்கூட்டியே பேசித் தெளிந்திருந்தால், ஒரு குற்றச்சாட்டால் இரு வீட்டு உறவும் முறியாது. பராமரிப்பின் முழுப் பொறுப்பையும் அப்பெண்ணின் தலையில் சுமத்திவிட்டுக் குடும்பத்தார் விலகிக்கொள்வதும் தகாது. மருந்தும் பணமும் மருத்துவரைக் காண்பதும் குடும்பத்தின் கடமைகளே. முதியோருக்கான 14567 என்ற தேசிய உதவி எண்ணையும் இரு வீட்டாரும் குறித்து வைத்திருப்பது நலம்.

ஜப்பான் 2005 முதல் கடைக்காரர்கள், வங்கி ஊழியர்கள், பள்ளி மாணவர்கள் எனப் பொதுமக்களுக்கு மறதிநோய் பற்றி ஏறத்தாழ 90 நிமிடப் பயிற்சி அளித்து, ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை ஆதரவாளர்களாக உருவாக்கியுள்ளது. அண்டை வீட்டார் காட்டும் கனிவு கற்றுக்கொடுக்கத்தக்க பொதுத்திறன் என்பதற்கு இது சான்று. நம் குடியிருப்புச் சங்கங்களும் கல்லூரிகளும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் இப்பயிற்சியைத் தொடங்கலாம். அதுவரை, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அரைமணி நேரம் உட்கார்ந்து பேச மனமுள்ளவர்கள் எவருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.