மரையில் ஏறினால் போதுமா?

எண்ணெய் வடிகட்டியைத் தேர்ந்தெடுப்பது அறிவுப்புலத்தின் கவலைக்குரியதன்று என்னும் எண்ணம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியுள்ளது. அது மெக்கானிக்கின் வேலை. மிஞ்சினால் உதிரிபாகக் கடைக்காரரின் வேலை. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு நாள்தோறும் ஏறி இறங்கும் ஜீப்புகளையும், வேலந்தாவளம், கோபாலபுரம் சோதனைச்சாவடிகளைக் கடந்து கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் ஓடும் கார்களையும் கருதிப் பார்ப்போர் இவ்வெண்ணத்தை ஏற்க இயலாது. மலைச்சாலையில் எஞ்சின் இறுகி நின்றால், வெற்றிட உதவியால் இயங்கும் பிரேக்கும் சில மிதிகளுக்குப் பின் கடினமாகிவிடும். உயிர் தொடர்பான பொருளைப் பற்றியே இங்குப் பேச்சு.

இவ்வெல்லைப் பகுதிகளில் இரண்டு கோட்பாடுகள் வழங்குகின்றன. மரை பொருந்தினால் எதையும் மாட்டலாம் என்பது ஒன்று. நிறுவன முத்திரை இல்லாத எதையும் தொடக்கூடாது என்பது மற்றொன்று. முன்னதைப் பட்டறையும் பின்னதைச் சேவை மையமும் போதிக்கின்றன. இரண்டுமே வாங்குவோரின் பகுத்தறிவைத் தேவையற்றதாக்குகின்றன.

முதற் கோட்பாட்டின் ஆபத்தைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டே போதும். திருகி மாட்டும் வடிகட்டிகளில் பெருவழக்காக உள்ள மரைகள் இரண்டு: 20 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்டது ஒன்று. முக்கால் அங்குல விட்டத்தில் அங்குலத்திற்கு 16 சுற்று உடையது மற்றொன்று. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். எனவே 20 மில்லிமீட்டர் வடிகட்டி முக்கால் அங்குலத் தண்டிலும் ஏறும்; கைக்கு இறுகியது போலவே தோன்றும். ஆயினும் மரைகளின் பிடிப்பு மிகச் சொற்பம். ஏற்றத்தில் எண்ணெய் அழுத்தம் கூடும்போது வடிகட்டி பிடுங்கிக்கொள்ளலாம். சற்று நேரத்தில் எண்ணெய் முழுவதும் சாலையில் கிடக்கும். ஏறியது என்பதற்கும் பொருந்தியது என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

சந்தை பரப்பும் மைக்ரான் மயக்கம் இதனினும் நுட்பமானது. 10 மைக்ரான் வடிகட்டி 20 மைக்ரான் வடிகட்டியைவிட உயர்ந்தது என எளிதில் நம்பப்படுகிறது. எத்தனை விழுக்காடு துகள்களைப் பிடிக்கிறது என்று கூறாத மைக்ரான் எண்ணுக்குப் பொருளே இல்லை. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட துகள்கள் இரண்டு உள்ளே சென்று ஒன்று வெளியேறினால் அதன் பீட்டா விகிதம் 2. திறன் 50 விழுக்காடு. எழுபத்தைந்து சென்று ஒன்று வெளியேறினால் விகிதம் 75; திறன் ஏறத்தாழ 98.7 விழுக்காடு. 10 மைக்ரானில் பாதியைத் தப்பவிடும் தாளும் 20 மைக்ரானில் ஏறத்தாழ அனைத்தையும் பிடிக்கும் தாளும் அருகருகே விற்கப்படும்போது சிறிய எண்ணே வெல்கிறது. இத்திறனை அளப்பதற்கு ஐஎஸ்ஓ 4548-12 என்னும் பன்னாட்டுச் சோதனைமுறை உள்ளது. அதன் முடிவைப் பெட்டியின்மேல் காண்பது அரிது.

இனி, மூணாற்றின் குளிர். சனவரி விடியலில் அங்கு வெப்பநிலை உறைநிலையை நெருங்கும், எண்ணெய் தடித்திருக்கும். தாளின் வழியே அது எளிதில் செல்லாது. எஞ்சின் எண்ணெயின்றித் தவிக்காதிருக்க மாற்றுவழி வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயை விடுகிறது. அழுக்கு எண்ணெய், எண்ணெயே இல்லாமையைவிட மேல் என்பது இதன் தத்துவம். அவ்வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கவேண்டும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். சில எஞ்சின்களில் அது வடிகட்டிக்குள் இருக்கும்; சிலவற்றில் எஞ்சின் உடலிலேயே இருக்கும். வால்வு வடிகட்டிக்குள் இருக்கவேண்டிய எஞ்சினில் வால்வற்ற வடிகட்டியை மாட்டினால் தாள் கிழியலாம். வடிகட்டி பக்கவாட்டிலோ தலைகீழாகவோ அமைந்த வண்டிகளில், இரவில் எண்ணெய் கீழிறங்காமல் தடுக்கும் ரப்பர் வால்வும் இன்றியமையாதது. ரப்பர் விறைத்துப்போனால் ஒவ்வொரு காலையும் எஞ்சின் சில நொடிகள் வறண்டே ஓடும். மரையை மட்டும் பார்ப்போர் கண்ணுக்கு இவை எதுவும் தென்படா.

அப்படியானால் நிறுவன முத்திரையே பாதுகாப்பு அன்றோ எனச் சேவை மையத்தின் வழக்கறிஞர்கள் எழுவர். போலிகள் மலிந்துள்ளன என்னும் அவர்களது வாதம் மெய்யே. ஆனால் போலிகள் செழிப்பதன் காரணம் என்ன? வாங்குவோருக்குப் பெட்டியின் நிறத்தைத் தவிர வேறு அளவுகோல் அளிக்கப்படவில்லை. நிறத்தை அச்சிட எவராலும் இயலும். அச்சிட்ட திறன் எண்ணையோ சோதனைக்கூடத்தில் பொய்ப்பிக்கலாம். ‘ஒரிஜினல்’ என்னும் சொல்லைப் பொய்ப்பிக்க வழியில்லை. உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் தடுத்தமைக்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. வெளிப்பட்டறையில் பழுதுபார்த்தால் உத்தரவாதம் முற்றிலும் செல்லாது என்னும் பொதுநிபந்தனையையும் கண்டித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன என்பது வேறு கதை.

சட்டமும் வாங்குவோருக்குத் துணைநிற்கவில்லை. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் விலையையும் தயாரிப்பு மாதத்தையும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ அச்சிடச் சொல்கின்றன. பிற மொழிகள் விருப்பத்திற்குரியவை. தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை, சித்தூர் வட்டங்களில் தமிழ் படிக்கும் ஓட்டுநர் இவ்விரு மொழிகளுக்கும் வெளியே நிற்கிறார். மலையாளம் மட்டும் படிப்பவரின் நிலையும் அதுவே. இதில் சிறுபான்மை, பெரும்பான்மை என்னும் வேறுபாடு இல்லை.

தமிழ்ப் புலமையுலகம் இங்கு என்ன செய்துள்ளது என்பதே கூரிய கேள்வி. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் இயந்திரவியலையும் கட்டடவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. கலைச்சொல் உருவாக்கத்தில் கருத்தரங்குகளுக்குக் குறைவில்லை. ‘ஃபில்டர்’ என்பதா ‘வடிகட்டி’ என்பதா என்னும் வாதமும் ஓயவில்லை. எந்தச் சொல்லாயினும் ஆகுக. போடியிலும் குமுளியிலும் கொழிஞ்சாம்பாறையிலும் ஓடும் வண்டிகளுக்கு மரை அளவு, வால்வு திறக்கும் அழுத்தம், வால்வு அமைந்துள்ள இடம், வடிகட்டும் திறன் ஆகிய நான்கையும் வண்டி வாரியாகத் தரும் ஒரு தமிழ் அட்டவணையை இறுதியாண்டு மாணவர் குழு ஒன்று ஒரு பருவத்தில் ஆக்கிவிட முடியும். அதற்கு நிதிநல்கை வேண்டியதில்லை. ஒரு மரை அளவி, ஓர் அழுத்தமானி, வெட்டிப் பார்க்கச் சில பழைய வடிகட்டிகள் ஆகியவை போதும்.